8 வாரம் போய்த் தங்குவதா, 6 மாதம் வீட்டிலிருந்தா?

ஒரே வாரத்தில் இரண்டு இடங்களிலிருந்து "வாருங்கள்" என்று பதில் வந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் தூக்கம் போனது. ஒன்று, குறும் ஆவணப்படம் எடுக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கான 8 வார உறைவிடப் பயிற்சி. ரெசிடென்சி என்றே எல்லாரும் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். போய்த் தங்கி, கையிலிருக்கும் படத்தை அங்கேயே முடிக்க வேண்டும். இன்னொன்று 6 மாத ஆன்லைன் லேப், அதாவது இணையவழிப் பயிற்சி. 15 நாளுக்கு ஒரு சந்திப்பு, வீட்டை விட்டு நகர வேண்டியதில்லை. இரண்டின் தேதிகளும் மோதின.

அப்போது என்னிடம் இருந்தது 40 மணி நேர ஃபுட்டேஜ். மூடப்போகிற ஓர் அச்சகம், அதில் ஈய எழுத்துகளோடு கடைசிவரை மிஞ்சிய இரண்டு தொழிலாளர்கள். மனதில் இருந்ததோ 20 நிமிடப் படம். அதாவது படத்தின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 2 மணி நேரம் எடுத்து வைத்திருக்கிறேன். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதே, எனக்கு வேண்டியது கேமரா பாடமல்ல என்பது புரிந்துவிட்டது.

நான் ரெசிடென்சிக்குப் போனேன். அதனால் இந்த அலசல் ஒரு பக்கமாகச் சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆன்லைன் பக்கம் நான் அறிந்தது குறைவு. முன்பு ஒரு சின்ன இணைய வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். அதுபோக, அதே லேபில் இடம் கிடைத்துப் படித்த தோழி ஒருத்தி வாரந்தோறும் போனில் சொன்னவை. அவ்வளவுதான்.

வழக்கமாகப் பேசப்படுபவற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பணம்: சில ரெசிடென்சிகள் உதவித்தொகை தருகின்றன, சில கட்டணம் கேட்கின்றன. தங்குமிடம் இலவசம் என்றால் பயணச் செலவும் ஒலிக்கலவையும் யார் தலையில் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கருவி: அதற்காக எங்கும் போகத் தேவையில்லை, பையில் இருக்கும் போனே படம் எடுக்கும். அறிமுகங்கள்: கிடைக்கும். ஆனால் மூன்று மாதம் கழித்தும் நம் மெயிலுக்குப் பதில் போடுபவர்கள் இரண்டு பேர் தேறினால் அதிகம். வீட்டில் குழந்தையையோ முடியாத பெற்றோரையோ பார்த்துக்கொள்பவருக்கு இந்த ஒப்பீடே எழாது. அவருக்கு ஆன்லைன்தான், அதனால் படம் தாழ்ந்துவிடப் போவதும் இல்லை.

என் வரையில் தராசைச் சாய்த்தது ஒரே ஒரு விஷயம். ரஃப் கட்டை, அதாவது இன்னும் செதுக்கி முடிக்காத முதற்கட்டத் தொகுப்பை, ஆட்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் எத்தனை தடவை ஓட்டிப் பார்க்க முடியும்?

கதைப்படத்துக்குத் திரைக்கதை முன்னாலேயே இருக்கிறது. ஆவணப்படத்துக்கு அதை எடிட் மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறோம். எழுதுகிற நமக்கோ எல்லாம் தெரிந்து தொலைக்கிறது. அந்தப் பெரியவர் ஏன் திடீரென்று பேச்சை நிறுத்தினார் என்று எனக்குத் தெரியும்: முந்தின வாரம்தான் கூட வேலை பார்த்தவர் இறந்திருந்தார். பார்ப்பவருக்குத் தெரிவது ஒருவர் சும்மா இருப்பது மட்டும். எனக்குத் தெரிந்து பார்ப்பவருக்குத் தெரியாதது எது என்பதை நானாகக் கண்டுபிடிக்க முடியாது. அவர்களிடம் கேட்டாலும் வராது. நல்லவர்கள், நம் முகத்தைப் பார்த்து நல்லதாகத்தான் சொல்வார்கள்.

ரெசிடென்சியில் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வெள்ளிக்கிழமை மாலை திரையிடல். கூடப் பயிலும் 9 பேர், மென்டர்கள் எனப்படும் வழிகாட்டிகள் இரண்டு பேர், பக்கத்துக் கட்டடங்களிலிருந்து சும்மா வந்து உட்காரும் சிலர். முதல் தடவை நான் முன்வரிசையில் உட்கார்ந்து என் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மென்டர் வந்து, "உன் படத்தை நீ ஏற்கெனவே பார்த்தாயிற்று, ஓரமாகப் போய் நின்று இவர்களைப் பார்" என்றார். அந்த 8 வாரத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் அதுதான்.

அந்த கட் 34 நிமிடம். 9ஆவது நிமிடத்தில் எனக்கு உயிரான ஒரு ஷாட் வரும். அச்சு முடிந்த பக்கத்தைக் கலைத்து, ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறைக்குள் திரும்பப் போடுகிறார் பெரியவர். வெட்டே இல்லாமல் 3 நிமிடம். முதல் நிமிடம் முடிவதற்குள் இரண்டு தலைகள் குனிந்தன. ஒரு நாற்காலி முனகியது. யாரோ தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்கள். பிறகு நடந்த பேச்சில் நான்கு பேர் அந்த ஷாட்டைத்தான் பாராட்டினார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. பிடித்தும் இருந்திருக்கலாம், அலுத்தும் இருந்திருக்கலாம்.

இரண்டாவது திரையிடலுக்கு அதை 50 விநாடியாக நறுக்கினேன். யாரும் அசையவில்லை, ஆனால் எதுவும் ஏறவும் இல்லை. மூன்றாவதற்கு ஷாட்டை இடம் மாற்றி, அச்சகம் மூடப்படுகிற செய்திக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். நீளத்தைத் திரும்ப 2 நிமிடத்துக்கு மேல் விட்டேன். ஒரு நாற்காலிகூடச் சத்தம் போடவில்லை. இனி யாருமே கோர்க்கப் போகாத எழுத்துகளை இந்த மனிதர் எதற்கு இவ்வளவு ஒழுங்காக அடுக்குகிறார் என்று இப்போது அறைக்கே தெரியும். நீளத்தில் தப்பில்லை, இடம்தான் தப்பு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று திரையிடல் ஆயிற்று.

ஆன்லைனில் இதே ரஃப் கட் லிங்காகப் போகிறது. ஒவ்வொருவரும் தனித்தனியாக, மடிக்கணினியில், நடுவில் நிறுத்தி, வேறு வேலை பார்த்துவிட்டு வந்து பார்க்கிறார்கள். சந்திப்பில் கருத்து வரும். என் தோழிக்கு வந்தது: "நடுவில் கொஞ்சம் இழுக்கிறது." அவள் நடுவிலிருந்து 4 நிமிடத்தை வெட்டினாள். அடுத்த சந்திப்பிலும் அதே பேச்சு. கோளாறு ஆரம்பத்தில் இருந்தது. யார் யாருக்கு உறவு என்று முதல் 3 நிமிடத்தில் விளங்காததால், நடுவில் வரும் சண்டை யாரையும் தொடவில்லை. அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. தலைகளைப் பார்க்க முடிந்திருந்தால் இரண்டு வாரத்தில் முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு. அவள் இதை ஒப்புக்கொள்வதில்லை.

எடுத்ததை ஆட்களுக்குப் போட்டுக் காட்டும் வழக்கம் ஆவணப்படத்தோடு கூடவே பிறந்தது. 1922இல் வெளிவந்த தன் முதல் படத்துக்காக அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரையில் இனுயிட் பழங்குடி மக்களோடு இருந்தபோது, எடுத்த படச்சுருளை அங்கேயே கழுவி அவர்களுக்கே போட்டுக் காட்டினார். பிரெஞ்சு ஆவணப்பட இயக்குநர் ழான் ரூஷ் அதைத் தன் முறையாகவே ஆக்கிக்கொண்டார். 1978இல் மொசாம்பிக், புதிதாக விடுதலை பெற்ற தங்கள் நாட்டைப் படம்பிடிக்க வெளியிலிருந்து இயக்குநர்களை அழைத்தபோது, உள்ளூர்க்காரர்களையே எடுக்கப் பழக்கலாம் என்றார் ரூஷ். சூப்பர் 8 கேமராவோடு நடந்த அந்தப் பட்டறையிலிருந்துதான் 1981இல் பாரிஸில் அத்தலியே வரான் என்ற ஆவணப்படப் பயிற்சிப் பள்ளி பிறந்தது. இன்றும் அங்கே ஒவ்வொருவரும் ஒரு படம் எடுக்க வேண்டும், எடுத்ததை எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஃபிளாஹெர்ட்டியின் மனைவி பிரான்ஸிஸ் 1955இல் தொடங்கிய கருத்தரங்கு இன்னும் ஒரு படி மேலே போயிற்று: என்ன படம் போடப்போகிறார்கள் என்பதே பார்ப்பவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. முன்தயாரிப்பு இல்லாத தலைகள்!

வரானின் முறைக்கும் நான் போனதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே வெறுங்கையோடு போய், போன இடத்திலேயே ஆளைத் தேடிப் படம் எடுக்கிறார்கள். நான் போனது, எடுத்ததைக் கொண்டுவந்து முடிக்கும் வகை. இரண்டுக்கும் ரெசிடென்சி என்றே பெயர் வைத்துவிடுகிறார்கள். விளம்பரத்தில் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளாமல் விண்ணப்பித்தால், கையில் 40 மணி நேரத்தோடு போய், "அதை மூடி வை, வெளியே போய்ப் புதிதாக எடு" என்று கேட்க வேண்டிவரும்.

ரெசிடென்சி எனக்குச் செய்த பெரிய கெடுதலையும் சொல்ல வேண்டும். 5ஆவது வாரம் பெரியவர் போன் செய்தார். அச்சடிக்கும் டிரெடில் எந்திரத்தை மறுநாள் காலை பிரித்து எடுத்துப்போகிறார்கள். ஓராண்டாக நான் காத்திருந்த காட்சி அது. நான் இருந்த இடத்திலிருந்து ஒன்றரை நாள் பயணம். அவருடைய பேரன் போனைச் செங்குத்தாகப் பிடித்து 4 நிமிடம் எடுத்து அனுப்பினான். அனுமதி வாங்கிப் படத்தில் சேர்த்திருக்கிறேன். படத்திலேயே அதுதான் சிறந்த இடம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கோ அது ஓடும்போதெல்லாம் நான் எடுத்திருக்கக்கூடிய ஷாட்கள்தான் கண்ணில் வருகின்றன. ஆன்லைன் லேபில் சேர்ந்திருந்தால் அன்றைக்கு அங்கே இருந்திருப்பேன். ஆகவே இந்த ஒன்றில் மட்டும் நான் கறார்: எடுத்து முடியாமல் ரெசிடென்சிக்குப் போகாதீர்கள். முடிந்துவிட்டது என்று நினைத்துத்தான் நானும் போனேன் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது கெடுதல் மென்டர். என்னை ஓரமாக நிற்கச் சொன்னவர் அல்ல, மற்றவர். எல்லாப் படத்துக்கும் இயக்குநரின் குரல் பின்னணியில் வேண்டும் என்பது அவர் கட்சி. மூன்று வாரம் எழுதினேன், பதிவு செய்தேன், வைத்துப் பார்த்தேன், எடுத்தேன். ஆன்லைனில் இப்படிப்பட்டவரிடமிருந்து மடிக்கணினியை மூடித் தப்பிக்கலாம். ரெசிடென்சியில் காலையில் பல் துலக்கப் போனாலும் எதிரே வருவார்.

போகத் தீர்மானித்தவர்களுக்கு ஒரு தயாரிப்பு வேலை. படத்தின் மொழி அறையில் யாருக்கும் தெரியாது என்றால் ஒவ்வொரு கட்டுக்கும் புதிதாக சப்டைட்டில் போட வேண்டும். புதன் மாலை கட் மாறும், வெள்ளி திரையிடல். நான் 40இல் 15 மணி நேரத்தைத்தான் எழுத்தில் பெயர்த்து வைத்திருந்தேன். முதல் இரண்டு வாரம் எடிட்டே இல்லை, மொழிபெயர்ப்புத்தான். அடுத்தவர் 8 வாரம் செய்ததை நான் 6 வாரத்தில் செய்தேன். லேப் என்றால் இதை வீட்டில் நிதானமாக முடிக்கலாம். ஹார்ட் டிஸ்க் பற்றியும் ஒரு வார்த்தை: விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானது மணிக்கு 45 ஜிபி, 40 மணி நேரத்துக்கு 1.8 டிபி. மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்புங்கள். எல்லாவற்றையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

பட்டப்படிப்பு பற்றிக் கேட்கிறார்கள். லிஸ்பன், புடாபெஸ்ட், பிரஸ்ஸல்ஸ் என்று மூன்று ஊர்களில் நடக்கும் டாக்நோமாட்ஸ் என்ற ஆவணப்பட முதுகலைப் படிப்பு 2 ஆண்டு. கியூபாவில் 1986இல் தொடங்கிய சர்வதேசத் திரைப்படப் பள்ளியின் முழுநேரப் படிப்பு 3 ஆண்டு. நான் எதிலும் படித்ததில்லை. ஒரு படத்தை முடிக்க வேண்டியவரும் ஒரு தொழிலைக் கற்க வேண்டியவரும் ஒரே கேள்வியைக் கேட்பதாக எனக்குத் தோன்றவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

எங்கும் போகாமல், அந்தக் காசில் ஒரு நல்ல எடிட்டரை அமர்த்திக்கொண்டால் என்ன? இதற்கு முந்தைய படத்தை அப்படித்தான் முடித்தேன். மூன்றாவது வாரத்துக்குள் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் கண் மறைத்தது. 10 பேரைத் திரட்டி மூன்று நான்கு தடவை போட்டுக் காட்ட முடிந்தால் ரெசிடென்சியே தேவைப்படாமல் போகலாம். என்னால் ஒரு தடவைக்கு மேல் திரட்ட முடிந்ததில்லை. வந்தவர்களும் சொந்தக்காரர்கள்.

எனவே இடம் கிடைத்ததும் சரி என்று சொல்வதற்கு முன் ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். முழு ரஃப் கட்டை எத்தனை தடவை திரையிடுவீர்கள்? பார்க்க வருபவர்களில் எங்கள் குழுவுக்கு வெளியாட்கள் உண்டா? நடுவில் அவசரப் படப்பிடிப்புக்கு நான்கு நாள் விடுவீர்களா? முடிந்த படத்தை வெளியே முதன்முதலில் திரையிடும் உரிமை யாருக்கு? "கடைசி வாரம் ஒரு திரையிடல் உண்டு" என்று பதில் வந்தால், அது விருந்தினருக்கான நிகழ்ச்சி. அதற்காக 8 வாரம் வீட்டை விட்டுப் போக வேண்டாம், ஆன்லைன் லேபே மேல். எனக்கு 4 திரையிடல் கிடைத்தது. 4 வார ரெசிடென்சியில் இரண்டு கிடைத்தால் போதுமா என்று கேட்டால், மூன்றாவதில்தானே எனக்கு விடிந்தது என்பதைத்தான் சொல்ல முடியும்.

தோழி தன் படத்தை எனக்கு இரண்டு மாதம் பின்னால் முடித்தாள். 14 நிமிடம், இறுக்கமான படம். அடுத்த படத்தின் ஃபுட்டேஜை முழுக்க எடுத்து வைத்துக்கொண்டு இப்போது ரெசிடென்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நான் எடுத்துக்கொண்டிருக்கும் படத்தில் இன்னும் பாதிகூட நடந்து முடியவில்லை. போன வாரம் ஆன்லைன் லேபுக்குத்தான் விண்ணப்பம் போட்டேன்.