வல்ஹல்லாவா, லெக்சிகன் 224ஆ?

கொக்குவிலில் வீட்டு அறைக்குள்ளேயே பாட்டுப் பதியும் தம்பி ஒருவர் இந்த இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்டதால் இது. இரண்டும் பழைய டிஜிட்டல் ரிவேர்ப் (ஒலிக்கு எதிரொலி சேர்க்கும்) பெட்டிகளின் சாயல் கொண்ட மென்பொருள்கள்.

விலை: வல்ஹல்லா வின்டேஜ்வேர்ப் 50 டொலர். யுனிவர்சல் ஓடியோ நிறுவனம் யூஏடி என்ற பெயரில் விற்கும் லெக்சிகன் 224ஐத் தள்ளுபடி வரும்வரை பொறுத்து வாங்குங்கள்.

ஒலி: 1978இல் வந்த லெக்சிகன் பெட்டியின் அசல் நிரல்முறையே 224இல் ஓடுகிறது. நாதஸ்வரத்துக்குப் போட்டுப் பாருங்கள். சுரம் நின்ற பிறகும் எதிரொலியின் வால் மெல்ல அசைந்தபடி கரையும். வல்ஹல்லா எந்த ஒரு பெட்டியின் நகலும் அல்ல. ஆனால் அதன் ‘1970s’ நிற (கலர்) அமைப்பில் உச்ச ஒலிகள் மங்கி, எதிரொலி குரலுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளும். என் காதுக்கு அதுவே போதும்.

பாவனை: 224க்கு ஐலாக் (மென்பொருள் உரிமத்தைச் சரிபார்க்கும் சேவை) கணக்கு வேண்டும். மற்றதுக்கு அந்தச் சோலி இல்லை.

நல்லூர்த் திருவிழாவுக்குப் பக்திப்பாட்டை அவசரமாக முடிப்பவருக்கு வல்ஹல்லா சரி. நாதஸ்வரம், வீணை என்று ஆறுதலாகப் பதிபவர் 224ஐ எடுக்கலாம்.