பீன்யா கோட்டிங் பட்டறையில் சிம்ஸ் சோதனை: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின் என் கருத்து

பெங்களூர் பீன்யாவில் டிரில், எண்ட்மில், பஞ்ச் போன்ற கருவிகளுக்கு டைட்டானியம் நைட்ரைடும் டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடும் பூசுகிறோம். தரக்கட்டுப்பாடு என் பொறுப்பு. பூச்சின் தடிமன் பெரும்பாலும் 2 முதல் 4 மைக்ரான்தான். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சில ஆண்டுகளாக வெளி ஆய்வகங்களில் சிம்ஸ் (SIMS, இரண்டாம்நிலை அயனி மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி) எடுத்துவருகிறேன். சீசியம் அல்லது ஆக்சிஜன் அயனிக் கற்றையால் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, தெறித்து வரும் அயனிகளை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறை இது.

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில், தனிமங்கள் வெளிவிடும் எக்ஸ்ரேயை வைத்து அவற்றை அடையாளம் காணும் ஈ.டி.எஸ். எடுத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். டைட்டானியம், அலுமினிய விகிதத்துக்குத் தாராளமாகப் போதும், செலவும் குறைவு. நைட்ரஜனில்தான் சிக்கல். அதன் எக்ஸ்ரே கோடு 0.392 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வருகிறது; டைட்டானியத்தின் ஒரு கோடு 0.395-இல். இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு. ஹைட்ரஜனோ ஈ.டி.எஸ்.ஸுக்குத் தெரியவே தெரியாது.

சிம்ஸ் எனக்கு உண்மையில் கைகொடுத்தது பூச்சு உரிந்த சமயத்தில். பொன்னிறம் சரி, கடினத்தன்மை சரி. ஆனால் ஒட்டுதலைப் பார்க்க வைர முனையை அழுத்தி ராக்வெல் குழி போட்டால் சுற்றிலும் செதில் செதிலாகப் பெயர்ந்தது. சேம்பரில், அதாவது பூசும் வெற்றிட அறையில், காற்றுக் கசிவு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். இயந்திரம் ஓட்டும் தர்மபுரித் தம்பி மட்டும், "அண்ணே, லீக் டெஸ்ட் நான்தான் பார்த்தேன், சொட்டு லீக் இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சிம்ஸ் வரைபடம் வந்தது. பூச்சு நெடுக ஆக்சிஜன் கோடு தரையோடு கிடந்தது. எஃகைத் தொடும் இடத்தில் மட்டும் கூர்மையாக எழுந்து இறங்கியது. கசிவு இருந்திருந்தால் பூச்சு முழுவதிலும் ஆக்சிஜன் ஏறியிருக்கும். அடியில் மட்டும் இருந்ததால், பூசும் முன் அயனிகளால் எஃகின் மேற்பரப்பைச் சுத்தம் செய்யும் அயனித் துப்புரவு போதவில்லை என்று புரிந்தது. அந்த நேரத்தைக் கூட்டினோம், உரிவது நின்றது. அந்தத் தம்பி சொன்னது சரிதான் என்று ஆனதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அதே வரைபடத்தில் டைட்டானியம் கோடும் அந்த இடத்தில் துள்ளியிருந்தது. அங்கே டைட்டானியம் அதிகம் என்று அதைப் படிக்கக்கூடாது. ஆக்சிஜன் பக்கத்தில் இருந்தால் உலோகங்கள் பல மடங்கு எளிதாக நேர் அயனியாகிவிடும். மேட்ரிக்ஸ் விளைவு என்பது இதுதான். சிம்ஸின் பெரிய குறையும் இதுவே. இதைத் தணிக்க, சீசியம் கற்றையில் சுரண்டி, தனிமத்தோடு சீசியம் ஒட்டிய அயனிகளை எண்ணச் சொல்கிறேன்: நைட்ரஜனுக்கு நிறை 147, ஆக்சிஜனுக்கு 149, அலுமினியத்துக்கு 160, டைட்டானியத்துக்கு 181. விளைவு அடியோடு போகாது, ஆனால் வெகுவாகக் குறையும்.

அப்போதும் எத்தனை சதவீதம் என்று கேட்டால் ஒப்பிட ஒரு துண்டு வேண்டும். நன்றாக உழைத்த பேட்ச் ஒன்றின் துண்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். சந்தேகத் துண்டோடு அதையும் அனுப்பி, ஒரே நாளில், ஒரே அமைப்பில் ஓட்டச் சொல்வது வழக்கம். என் அனுபவத்தில் இதைவிடப் பயனுள்ள ஏற்பாடு இல்லை.

அப்புறம், டிரில்லையே அனுப்பாதீர்கள். மின்வில்லால் உலோகத்தை ஆவியாக்கும் ஆர்க் முறையில் பூசினால் மேற்பரப்பில் உலோகத் துளிகள் தெறித்து ஒட்டியிருக்கும். அந்த மேடுபள்ளத்தில் ஆழக் கணக்கு குழம்பி, கூர்மையான எல்லையும் மங்கலாகத் தெரியும். கண்ணாடிபோல் பாலிஷ் செய்த அதே எஃகுத் துண்டைக் கருவிகளோடு சேம்பரில் வைத்துப் பூசி அனுப்புங்கள். துளிகள் அதிலும் விழும், ஆனால் அவை இல்லாத இடத்தைத் தேடிக் கற்றையை வைக்கலாம்.

ஓர் ஆய்வகம் வெறும் படத்தை மட்டும் அனுப்பியது, கிடைமட்ட அச்சில் விநாடிகள். கற்றை சுரண்டிய குழியின் ஆழத்தை, மேடுபள்ளம் அளக்கும் புரொஃபைலோமீட்டரில் அளந்தால்தான் அது மைக்ரானாக மாறும். ஆர்டர் கொடுக்கும்போதே அதையும் மூலத் தரவையும் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

இப்போது டி.எல்.சி. (வைரம் போன்ற கார்பன்) பூசிய துண்டுகள் அனுப்பியிருக்கிறேன். அந்தக் கார்பன் பூச்சில் ஹைட்ரஜன்தான் முக்கியம். கருவிக்குள் மிஞ்சும் நீராவியும் ஹைட்ரஜனாகவே கணக்கில் வரும் என்பதால், முந்தைய இரவே துண்டை ஏற்றி வெற்றிடம் நன்றாக இறங்க விடச் சொல்லியிருக்கிறேன்.