தண்டர்பேர்டா, அவுட்லுக்கா, ஆப்பிள் மெயிலா?

சொந்த டொமைனில் மெயில் வைத்திருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "கணினியில் மெயில் பார்க்க எந்தச் செயலி போடலாம்?" என்பதுதான். உங்கள் சர்வர் எந்த ரகம் என்று நான் திருப்பிக் கேட்பேன். சாதாரண ஐமேப் சர்வரா (மெயிலைச் சர்வரிலேயே வைத்து எல்லாச் சாதனங்களிலும் ஒரேபோலக் காட்டும் முறை), அலுவலகங்களுக்கான மெயில், காலண்டர் சர்வரான மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சா? இது தெரிந்துவிட்டால் முக்கால்வாசி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

மெயிலை எடுக்கும் இன்னொரு முறையான பாப்3 பற்றி ஒரு பத்தி போதும். அது மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும். படித்தது, படிக்காதது, ஃபோல்டர் எதுவும் சர்வருக்குத் திரும்பிப் போகாது. ஒருமுறை என் இன்பாக்ஸில் இரண்டு வாரத்துக்கு மேல் பழைய மெயில்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. யாரோ கணக்கில் புகுந்துவிட்டார்கள் என்றே பயந்தேன். கடைசியில் பார்த்தால், வீட்டில் யாரோ எப்போதாவது திறக்கும் பழைய லேப்டாப்பில் என் கணக்கு பாப் முறையில் இருந்தது. '14 நாட்களுக்குப் பின் சர்வரிலிருந்து நீக்கு' என்பதில் டிக். திருடன் நான்தான்! இரண்டு சாதனங்களில் மெயில் பார்ப்பவர் என்றால் ஐமேப் தவிர வேறு பேச்சு வேண்டாம்.

சரி, அமைப்பதில் எது எளிது? தண்டர்பேர்டில் முகவரியையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால், டொமைனில் அமைப்பு விவரக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். பிறகு தண்டர்பேர்டை உருவாக்கிய மொசில்லாவின் பட்டியலில் தேடும், அதுவும் இல்லையென்றால் ஊகிக்கும். ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சறுக்குவது சான்றிதழில், அதாவது சர்வர் தன் பெயரை நிரூபிக்கக் காட்டும் அடையாளத்தில். பலர் பங்குபோடும் ஹோஸ்டிங்கில் சான்றிதழ் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வர் பெயரில் இருக்கும். நீங்கள் கொடுத்ததோ உங்கள் டொமைன் பெயர். இரண்டும் பொருந்தாததால் எச்சரிக்கை வரும். பலர் 'விதிவிலக்கு சேர்' என்று அழுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது வேண்டாம். ஹோஸ்டிங் பேனலில் இருக்கும் அசல் சர்வர் பெயரைப் போடுங்கள், எச்சரிக்கை நின்றுவிடும்.

கையால் போடுவதென்றால் போர்ட் எண் உள்வரும் மெயிலுக்கு 993, வெளிச்செல்வதற்கு 465, இரண்டிலும் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்ற மறையாக்கம். வெளிச்செல்வதற்கு 587 என்றால் மறையாக்கத்தில் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய அவுட்லுக்கைக் கன்ட்ரோல் பேனல் வழியாக அமைக்கும்போது, வெளிச்செல்லும் சர்வருக்கும் பாஸ்வேர்ட் தேவை என்ற கட்டம் தனியாக ஒளிந்திருக்கும். 'மெயில் வருகிறது, போகமாட்டேன் என்கிறது' என்று யாராவது புலம்பினால் முதலில் அங்கே பாருங்கள். ஆப்பிள் மெயிலில் இணைப்பு அமைப்புகளைத் தானாக நிர்வகிப்பதற்கு ஒரு டிக் உண்டு. நீங்கள் போட்ட போர்ட் மாறிக்கொண்டே இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

அடுத்த தலைவலி அனுப்பிய மெயில். மெயில் போவது எஸ்எம்டிபி என்ற அனுப்பும் முறை வழியாக; அதன் நகலை 'சென்ட்' ஃபோல்டரில் வைப்பது பெரும்பாலும் செயலியின் வேலை. ஒரு செயலி 'சென்ட்' என்றும், இன்னொன்று 'சென்ட் ஐட்டம்ஸ்' என்றும், மற்றொன்று 'சென்ட் மெசேஜஸ்' என்றும் தனித்தனி ஃபோல்டர் திறந்துவிடும். கைபேசியில் அனுப்பியது கணினியில் தெரியாது. தண்டர்பேர்டில் எந்த ஃபோல்டரில் நகல் போகவேண்டும் என்று கணக்கின் செட்டிங்ஸிலேயே காட்டிவிடலாம். ஆப்பிள் மெயிலிலும் அப்படித்தான். அவுட்லுக்கில் இதற்கு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஐமேப் சர்வருக்கு நான் தண்டர்பேர்ட் பக்கம் சாய்வதற்கு இதுவே பெரிய காரணம்.

தண்டர்பேர்டிலும் குறை உண்டு. ஒரு கணக்குக்கு அது இயல்பாக 5 இணைப்புகள் வரை திறந்துவைக்கும். டவ்காட் என்ற ஐமேப் சர்வர் மென்பொருளின் இயல்பு வரம்போ ஒரே இணைய முகவரியிலிருந்து (ஐபி) ஒரு பயனருக்கு 10. ஒரே ரவுட்டருக்குப் பின்னால் இரண்டு கணினிகளில் தண்டர்பேர்ட் ஓடினால் பத்தும் காலி. அப்புறம் அதே வைஃபையில் கைபேசி கதவைத் தட்டினால் திறக்காது. பாஸ்வேர்ட் தவறோ என்று மாற்றிமாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்காமல், மேம்பட்ட செட்டிங்ஸில் அந்த 5-ஐ 2 அல்லது 3 ஆக்குங்கள்.

காலண்டரும் தொடர்புகளும் வேண்டுமா? ஐமேப்பில் அவை வராது; கால்டேவ், கார்ட்டேவ் என்ற தனி வழிகள் வேண்டும். தண்டர்பேர்டிலும், மேக்கில் ஆப்பிளின் காலண்டர், தொடர்புச் செயலிகளிலும் அவை உள்ளேயே இருக்கின்றன. பழைய அவுட்லுக்குக்குத் துணை நிரல் போடவேண்டும். சர்வர் எக்ஸ்சேஞ்ச் என்றால் கதையே தலைகீழ்: மெயில், காலண்டர், கூட்ட அழைப்பு, விடுப்பு அறிவிப்பு எல்லாம் அவுட்லுக்கில் ஒரே அமைப்பில் வந்துவிடும். அங்கே வேறொன்றைத் தேடுவது வீண் வேலை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். விண்டோஸில் வரும் புதிய அவுட்லுக், பழையதின் புதுச் சட்டை அல்ல. வேறு நிறுவனத்தின் ஐமேப் கணக்கைச் சேர்த்தால், மெயிலை மைக்ரோசாஃப்டின் கிளவுட் வழியாக ஒத்திசைக்கும். அதாவது உங்கள் சர்வரில் உள்ள மெயிலின் நகல் இன்னோர் இடத்திலும் இருக்கும். சேர்க்கும்போது அறிவிப்பு வரும். நாம்தான் படிக்காமல் 'தொடர்க' அழுத்திவிடுகிறோம். அலுவலக மெயில் என்றால் நிர்வாகியைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

இன்னும் குழப்பமாக இருந்தால் ஏதாவது இரண்டு செயலிகளில் ஒரே கணக்கை ஐமேப்பில் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மெயில் சர்வரில்தான் இருக்கிறது, பிடிக்காததை நீக்கிவிடலாம். நீக்கும் முன் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பக்கம் எதையாவது இழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். அது அந்தக் கணினியில் மட்டும்தான் இருக்கும்.