முட்டையிடத் தயாரான பேடு என்று சொல்லிக் கிழட்டுக் கோழி விற்கிறார்கள், யாழ்ப்பாணத்தார் கவனம்

28,000 ரூபாய். பன்னிரண்டு கோழி, ஒன்று 2,200 படி. கொண்டுவந்து இறக்கும் கூலி 1,600. இந்தக் காசை என்னிடம் வாங்கிக்கொண்டு போன ஆளின் விளம்பரம் இன்று காலையும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் ஆத்திரம் அடங்க முதலே எழுதுகிறேன். கோழி, ஆடு, பழைய மோட்டார் சைக்கிள், காணி என்று எல்லாம் விற்கிற, இங்கே எல்லார் போனிலும் இருக்கிற ஒரு விளம்பரத் தளம். ஆள் வவுனியாப் பக்கம் பண்ணை வைத்திருப்பதாகச் சொன்னவர். பெயரை எழுதினால் நாளைக்கு வேறு பெயரில் வருவார். ஆளின் பெயரை விட அவர் விற்கிற விதம் தெரிவதுதான் உங்களுக்கு முக்கியம்.

நாங்கள் கோண்டாவில். வளவில் எப்போதும் நாலைந்து ஊர்க்கோழி நிற்கும். ஊர்க்கோழியைத் தெரியும்தானே, பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்குக் கிடந்துவிடும். 2023 இல் நாட்டுக்கு இந்தியாவிலிருந்து முட்டை இறக்கிற நிலைமை வந்ததிலிருந்து மாமி சொல்லிக்கொண்டே இருந்தா, "நல்ல லேயர் கொஞ்சம் வாங்கி விடு பிள்ளை, பள்ளிக்கூடம் போற பிள்ளையளுக்கு ஆளுக்கொரு முட்டையாவது கிடைக்கும்" என்று. கீரியும் மரநாயும் நுழையாதபடி கம்பி வலை அடித்துக் கூடு கட்டினோம். அதற்குப் பிறகுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. 18 கிழமைப் பேடு, அதாவது இன்னும் முட்டையிடத் தொடங்காத இளங்கோழி, எல்லா ஊசியும் போட்டது, ஒரு மாதத்துக்குள் முட்டை. படத்தில் நல்ல மஞ்சள் காலோடு அழகான மண்ணிறப் பேடுகள்.

போன் எடுத்தபோது அவர் காசைப் பற்றி முதலில் கதைக்கவே இல்லை. கூடு எத்தனை அடி, காற்றோட்டம் எப்படி, தண்ணீர் எதில் வைப்பீர்கள் என்றுதான் கேட்டார். குஞ்சு பொரித்த அன்றே மரெக்ஸ் ஊசி போட்டோம், பிறகு கம்போரோ, ராணிக்கெட், அம்மை என்று ஒவ்வொரு கோழி நோய்க்கும் போட்ட ஊசியை ஒழுங்காகச் சொன்னார். ஊசி போட்ட அட்டையின் படமும் வந்தது. "ஒரு நாளைக்கு 16 மணித்தியாலம் வெளிச்சம் வேணும் அக்கா, பொழுதுபட்டாப் பிறகு ஒரு பல்ப் போட்டு விடுங்கோ" என்றார். மிருக வைத்தியரிடம் பிறகு கேட்டேன், அவர் சொன்னதில் ஒன்றும் பிழையில்லை. எனக்கு வயிறு எரிவதே அதில்தான். ஒன்றும் தெரியாத புரோக்கர் வந்திருந்தால் படலையோடு அனுப்பியிருப்போம். இவர் கோழியைப் பற்றி எல்லாம் தெரிந்தவர், அந்த அறிவையே வைத்து எங்களை நம்ப வைத்தார்.

முற்பணம் 10,000 வங்கியில் போட்டேன். மிச்சம் கோழியை இறக்கும்போது கையில் தருவதாகப் பேச்சு. பட்டா என்கிற சின்ன லொறி வந்தது இரவு எட்டு மணிக்குப் பிறகு. "இருட்டில இறக்கினால்தான் கோழி கலவரப்படாது அக்கா" என்றார். அதுவும் உண்மைதான், புதுக்கோழியை இரவில்தான் கூட்டில் விடுவார்கள். தானே ஒவ்வொன்றாகத் தூக்கிக் கூட்டுக்குள் விட்டார். ரோச் லைட் அடிக்க விடவில்லை, வெருளுமாம். எங்கள் ஊர்க்கோழிகளையும் அதே கூட்டில் விடச் சொன்னார். ஒரே இருட்டில் சேர்ந்தால் விடியக் கொத்துப்படாதாம். கடைசியாக ஒன்றை மாமியின் கையில் கொடுத்து, "அம்மா, முதல் முட்டையைச் சாமிக்கு வையுங்கோ" என்றார். மாமி உள்ளே போய் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தா. குடித்துவிட்டு மிச்சக் காசை எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

விடிந்ததும் பக்கத்து வளவு ஆச்சி வேலியால் எட்டிப் பார்த்தா. உள்ளே வந்து ஒன்றைப் பிடித்து மடியில் மல்லாத்தினா. வால் இறகு முறிந்து ஈர்க்காய் நின்றது. வயிற்றில் மயிர் உதிர்ந்து தோல் சிவந்திருந்தது. கம்பிக் கூட்டில் நின்ற கோழிக்கு வளர்கிற மாதிரி நகம் நீண்டு வளைந்திருந்தது. கால் வெள்ளை வெளேரென்று, செதில் தடித்து. "பிள்ளை, இது பேடில்லை. இட்டு ஓய்ஞ்ச கோழி" என்றா.

இந்தக் கால் விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். மஞ்சள் கால் இனத்துப் பேடு முட்டையிடத் தொடங்கியதும் உடம்பில் உள்ள மஞ்சள் எல்லாம் மஞ்சள் கருவுக்குப் போகும். முதலில் பின்துவாரத்தைச் சுற்றி வெளிறும், பிறகு கண்ணோரம், பிறகு சொண்டு, கடைசியாகத்தான் கால். கால் வெளிற வேண்டுமென்றால் மாதக்கணக்கில் இட்டிருக்க வேண்டும். 18 கிழமைப் பேட்டுக்கு அப்படி வெளிறிய கால் எங்கிருந்து வரும்?

அன்றைக்கே ஒரு கோழி முட்டையும் இட்டது. பெரிய முட்டை, ஓடு மெல்லிசு, ஒரு முனையில் மணல் ஒட்டின மாதிரிச் சொரசொரப்பு. கையில் எடுக்கவே விரல் பட்ட இடத்தில் நெரிந்துவிட்டது. பேட்டின் முதல் முட்டை சின்னதாக இருக்கும், ஓடு உறுதியாக இருக்கும். வயது போன கோழிதான் இப்படி இடும். படம் எடுத்து அனுப்பினேன். வந்த பதில்: "பாத்தீங்களா அக்கா, வந்த உடனேயே இட்டிட்டுது! ஏன் கவலைப்படுறியள்?"

அதற்குப் பிறகு நாளுக்கொரு சாட்டு. பயணக் களைப்பு என்றார். தீன் மாறினது காரணம் என்றார். வெளிச்சம் காணாது என்றார். யாழ்ப்பாணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, அதுதான் கோழிக்கு ஒத்துவரவில்லை என்று கூடச் சொன்னார். எங்கள் ஊர்க்கோழி பரம்பரையாக அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. 28,000 ரூபாயைத் திருப்பித் தா என்று கேட்டேன். கோழியை என் செலவில் வவுனியாவுக்குக் கொண்டுவந்தால் "பாத்துச் சொல்லுறன்" என்றார். அரச மிருக வைத்தியர் வந்து பார்த்து, ஒன்றரை வயசு தாண்டியது, பண்ணைகள் 72 கிழமைக்கு மேல் கழித்து இறைச்சிக்கு விற்கிற கோழி என்று சொன்னதை அனுப்பியதும் என் நம்பரை புளொக் பண்ணிவிட்டார். வேறு ஆட்களின் போனிலிருந்து எடுத்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார்.

காசோடு போயிருந்தால் மனம் இவ்வளவு ஆறாமல் இராது. வந்த கோழிகளில் இரண்டுக்குச் சளி. கண்ணோரம் நுரை, இரவில் மூச்சு கர்கரென்று கேட்கும். அவர் சொன்னபடி ஒரே கூட்டில் விட்ட எங்கள் கோழிகளுக்கும் பிடித்துவிட்டது. மருந்து கொடுத்தோம், மருந்து நாட்களில் இட்ட முட்டையையும் புதைத்தோம். அப்படியும் எங்கள் செங்கழுத்து ஊர்க்கோழி செத்துப்போனது. எத்தனை முறை அடை வைத்தோம், ஒரு முறையும் இருபத்தொரு நாளும் அசையாமல் கிடந்து குஞ்சைக் கொண்டுவராமல் விட்டதில்லை. பருந்து நிழல் விழுந்தால் குஞ்சுகளைச் செட்டைக்குள் இழுத்துக்கொண்டு எங்களைக் கூடக் கிட்ட விடாது. சின்னவள் இன்னும் அழுகிறாள். இதற்கு எந்தக் காசைக் கணக்குப் பார்ப்பது?

விளம்பரத் தளத்துக்கு எழுதினேன். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையில் நடப்பதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று, எழுதி அனுப்பிய உடனேயே ஒரு பதில் வந்தது. ஒரு மனிதர் கூட அதை வாசிக்கவில்லை. வங்கியில் கேட்டால், நீங்களாக விரும்பிப் போட்ட காசு என்றார்கள். தளம் அந்த விளம்பரத்தை நீக்கவும் இல்லை. 28,000 ரூபாய் போக, ஒரு கோழிக்கு நாளுக்கு 110 கிராம் அளவில் தீனும் போய்க்கொண்டே இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. பகலில் இறக்கச் சொல்லுங்கள், இரவு என்றால் படலையைத் திறக்காதீர்கள். கோழியின் காலையும் பின்துவாரத்தையும் பாருங்கள். முட்டையிடாத பேட்டுக்கு அது சின்னதாய், இறுகி, மஞ்சளாய் இருக்கும். வந்த கோழியை இரண்டு கிழமையாவது தனியாக வையுங்கள், விற்றவர் என்ன சொன்னாலும் சரி. முற்பணம் கேட்டால் வேண்டாம். ஊசி அட்டைப் படத்தை யாரும் யாருடையதையும் அனுப்பலாம்.

ஏற்கனவே ஏமாந்தவர்கள் வங்கிச் சிலிப்பையும் வட்ஸ்அப் குரல் பதிவுகளையும் அழிக்காதீர்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. நான் நாளைக் காலை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போகிறேன். இதே மாதிரி இரவில் பட்டாவில் வந்து மண்ணிறக் கோழி இறக்கிவிட்டுப் போன ஆளிடம் வாங்கியவர்கள் இருந்தால் எனக்கு இன்றிரவே சொல்லுங்கள், முறைப்பாட்டைச் சேர்த்தே கொடுக்கலாம்.