கடைமடை வீட்டில் ஃபைபர் இணைப்பு: 2019 முதல் பயன்படுத்திய அனுபவம்

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி செல்லும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூர் எங்களுடையது. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்றே திறந்துவிட்டாலும் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டப் பல நாள்கள் பிடிக்கும். ஒளியிழை இணைப்பிலும் எங்கள் வீடுதான் கடைசி வீடு என்பதால், இணையத்திலும் நாங்கள் கடைமடைக்காரர்களே. 2019-ஆம் ஆண்டு தை மாதத்தில் பெற்ற அந்த இணைப்பை இன்றுவரை தொடர்ந்து பயன்படுத்திவருகிறேன். பகலில் வீட்டிலிருந்தே கணக்குத் தணிக்கை வேலை, மாலையில் பிள்ளைகளின் பாடம், இரவில் களத்தைக் கண்காணிக்கும் காமிரா என்று எல்லாவற்றையும் அது ஒன்றுதான் தாங்குகிறது. விளம்பரங்கள் மெகாபிட் கணக்கை மட்டுமே பேசுகின்றன. இத்தனை ஆண்டுகளில் என்னைப் பெரிதும் அலைக்கழித்ததோ வேகம் அன்று, இணையத்தில் வீட்டை அடையாளம் காட்டும் ஐபி முகவரி.

அதற்கு முன் எங்களிடம் இருந்தது தொலைபேசிச் செப்புக்கம்பி வழியாக வந்த ஏடிஎஸ்எல் இணைப்பு. அந்தத் தொழில்நுட்பத்தின் பிற்காலத் தரம் நொடிக்கு 24 மெகாபிட் வரை தரக்கூடியது என்றாலும், தொலைபேசி நிலையத்திலிருந்து விலக விலக அது வேகமாகத் தேயும். ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தள்ளியிருந்த எங்களுக்கு 2 மெகாபிட் கிடைத்தாலே பெரிது, ஐப்பசி மழையில் அதுவும் இல்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த இரவில், தென்னைகளோடும் மின்கம்பங்களோடும் சேர்ந்து அந்தக் கம்பியும் விழுந்தது. பிறகு அதை எடுத்துக் கட்ட யாரும் வரவில்லை. மின்சாரம் திரும்பிய சில வாரங்களில், ஊரில் கேபிள் டிவி நடத்திவந்தவரே ஒரு நிறுவனத்தின் முகவராகி, புதிதாக நட்ட கம்பங்களில் ஃபைபரை இழுத்துக்கொண்டு வந்தார்.

இந்த இணைப்பு ஜிபான் என்னும் தரத்தைச் சேர்ந்தது. முகவரின் அறையில் உள்ள கருவியிலிருந்து ஒரே ஓர் இழை புறப்பட்டு, வழியில் மின்சாரமே தேவைப்படாத ஸ்ப்ளிட்டர்களால் பிரிந்து பல வீடுகளுக்குப் போகிறது. வீடுகளை நோக்கி 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் நொடிக்கு சுமார் 2.5 கிகாபிட்டும், வீடுகளிலிருந்து 1310 நானோமீட்டரில் சுமார் 1.25 கிகாபிட்டும் அதே இழையில் எதிரெதிராக ஓடுகின்றன. வரும் ஒளி எல்லா வீட்டுக்கும் பொதுவானது. தனக்குரியதை மட்டும் அந்தந்த வீட்டுப் பெட்டி பிரித்தெடுத்துக்கொள்ளும். போகும் திசையில் அப்படி விட முடியாது, இரண்டு வீட்டு ஒளி ஒரே நேரத்தில் கிளம்பினால் இரண்டும் கெடும். ஆகவே, எந்த வீடு எந்த நுண்ணொடியில் பேச வேண்டும் என்று முகவரின் கருவி முறை வைத்துக் கொடுக்கிறது. முறைப்பாசனத்தில் வளர்ந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. தொடக்கத்தில் இருக்கும் தெருவுக்கு நூற்றில் பத்துப் பங்கு ஒளியை மட்டும் பிரித்துவிட்டு, மீதித் தொண்ணூறை அடுத்த கம்பத்துக்கு அனுப்பும் கப்ளரை முகவர் பொருத்தியிருந்ததும், தலைமடையில் மடையை ஒடுக்கிவைக்கும் அதே நியாயம்தான்.

ஆனால் கடைமடைக்கு உரிய தொல்லையும் உடன்வந்தது. இணைப்புக் கொடுத்த அன்று, ஒளியின் வலிமையை டெசிபல் கணக்கில் அளக்கும் பவர் மீட்டர் மைனஸ் 21 டிபிஎம் காட்டியது. மைனஸுக்குப் பின் வரும் எண் கூடக்கூட ஒளி மங்கல். எங்களுடையது போன்ற பி பிளஸ் வகைப் பெட்டிகள் மைனஸ் 27 வரை தாங்கும் என்பது தரத்தின் கணக்கு. 3 டெசிபல் குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். அறுவடை முடிந்த மாசி மாதத்தில் வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி தெருவுக்குள் நுழைந்தால், தாழத் தொங்கும் கேபிளில் ஒன்றாவது அறுந்துவிழும். கோயில் தேர் ஓடும் நாளில் தேரோடும் வீதியின் கம்பிகளையெல்லாம் அவிழ்த்துவிட்டு மறுநாள் கட்டுவார்கள். இப்படி அறுவதும் அவிழ்வதும் ஒவ்வொரு முறையும் ஓர் ஒட்டைக் கூட்டும். இழைமுனைகளை உருக்கி இணைக்கும் ஃபியூஷன் இயந்திரம் வைத்து ஒட்டினால் இழப்பு மிகச் சொற்பம், அவசரத்தில் கிளிப் போட்டு இணைத்தால் அரை டெசிபலோ அதற்கு மேலுமோ போய்விடும். 2021-இல் அளவு மைனஸ் 26-ஐத் தொட்டபோது, பகலில் ஒழுங்காகவும் இரவில் விட்டுவிட்டும் இணையம் வந்தது. வேகச் சோதனையில் எல்லாம் சரியாகவே தெரிந்ததால், பெட்டியைத்தான் மாற்ற வேண்டும் என்று முதலில் சொன்னார்கள். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் தெரியும் ஒளி அளவை நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக் காட்டிய பிறகுதான், இரண்டு கம்பங்களுக்கு முன்னால் இருந்த ஒரு பழைய கிளிப்பைக் கண்டுபிடித்து மாற்றினார்கள். ஃபைபர் வாங்கும் எவருக்கும் நான் சொல்வது, இணைப்புத் தரும் நாளில் அந்த எண்ணைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள் என்பதே.

மின்வெட்டைப் பொறுத்தவரை, பெட்டிக்கு 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன். மூன்று மணி நேரம் தாங்குகிறது. நடுவில் உள்ள ஸ்ப்ளிட்டர்களுக்கு மின்சாரம் வேண்டாம் என்பதால், முகவரின் பேட்டரி தீரும்வரை இணையம் நிற்பதில்லை. செப்புக்கம்பிக் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்.

இனி முகவரி. களத்தில் நெல்லைக் கொட்டிவைத்து, நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நம் முறை வரும்வரை காத்திருக்கும் நாள்களில், வானம் இருட்டினால் தார்ப்பாய் மூடியிருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் காமிரா வைத்தேன். நான் கும்பகோணத்தில் இருக்கும்போது அதைத் திறந்தால், காமிரா நிறுவனத்தின் இடைச் சேவையகம் வழியாகப் படம் நான்கைந்து நொடி தாமதித்து வரும். சில நாள் வரவே வராது. வீட்டு ரவுட்டரில் போர்ட் எனப்படும் வாசலைத் திறந்துவிட்டு நேரடியாகவே உள்ளே வரலாம் என்று முயன்றபோதுதான், எங்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்த முகவரி 100.64 என்று தொடங்குவதைக் கவனித்தேன். அந்தத் தொகுதி, ஒரு பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிரும் ஏற்பாட்டுக்காக 2012-இல் ஒதுக்கப்பட்டது. உள்ளேயிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து நம் வீட்டைத் தேடி எவரும் வர முடியாது. வீட்டில் ஆள் இருந்தும் கதவில் எண் இல்லாத நிலை அது.

இதற்கு நிறுவனத்தை மட்டும் குறைசொல்ல முடியாது. 1981-இல் வரையறுக்கப்பட்ட ஐபிவி4 முறையில் முகவரிக்கு 32 பிட், ஆகச் சுமார் 430 கோடி எண்கள்தான் உண்டு. உலகப் பொதுக் கையிருப்பில் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பகிர்ந்தளிக்கப்பட்டன. அதற்குப் பிறகு பந்திக்கு வந்த சிறு நிறுவனங்களுக்கு இலையில் மிஞ்சியது குறைவு. ஆனால் 128 பிட் முகவரி கொண்ட ஐபிவி6 முறை 1998-லேயே வரையறுக்கப்பட்டுவிட்டது. இங்கே கைப்பேசி நிறுவனங்கள் 4ஜி வந்தபோதே அதைப் பரவலாகக் கொடுக்கத் தொடங்கிவிட்டன. என் கைப்பேசிக்கு இருக்கும் வசதி என் வீட்டுக்கு ஏன் இல்லை என்று கேட்டால், மாதந்தோறும் கூடுதல் பணம் கட்டி நிலையான ஐபிவி4 முகவரி வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே பதிலாக வந்தது. முகவரிடம் கேட்டேன். “சார், அதெல்லாம் மேல கம்பெனியில பண்ணனும், நம்ம கையில ஒண்ணும் இல்ல” என்றார் அவர். உண்மைதான்.

ஏறத்தாழ ஓராண்டு மின்னஞ்சல் போட்ட பிறகு, 2022-இல் ஒரு நாள் பெட்டியின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டு, ஐபிவி6 முகவரிகள் வீட்டுக்குள் வந்தன. எங்கள் காமிராவுக்கு அந்த மொழி தெரியாது. மலிவான காமிராக்கள் பலவற்றின் கதை அதுதான். ஆகவே வீட்டில் ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியை வைத்து, அதில் வயர்கார்டு என்னும் மறையாக்கச் சுரங்கத்தை ஐபிவி6 வழியே வரும் அழைப்புக்குக் காத்திருக்கவிட்டேன். கைப்பேசி அந்தச் சுரங்கத்தின் வழியாக வீட்டு வலையமைப்புக்குள் நுழைந்து காமிராவைத் தொடுகிறது. கும்பகோணத்திலிருந்து பார்த்தால், தார்ப்பாய் காற்றில் படபடப்பது இப்போது அந்தக் கணமே தெரிகிறது; நடுவில் எந்த நிறுவனத்தின் சேவையகமும் இல்லை. ஐபிவி6 வந்தால் வீட்டுக் கருவிகள் எல்லாம் ஊருக்குத் திறந்துகிடக்கும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். ரவுட்டரின் தீயரண் (ஃபயர்வால்) அழையாத விருந்தைத் தடுக்கும் நிலையில்தான் இருக்க வேண்டும். அதைச் சரிபார்த்த பிறகு வயர்கார்டுக்கு மட்டும் ஒரு வாசலைத் திறந்தேன்.

ஒரு குறை தீரவில்லை. யுபிஎஸ்ஸும் தீர்ந்து பெட்டி அணைந்து எரியும் ஒவ்வொரு முறையும் எங்களுக்குக் கிடைக்கும் முகவரித் தொகுதி மாறிவிடுகிறது. பழைய தொகுதி செல்லாது என்பது மடிக்கணினிக்கு உடனே தெரிவதில்லை. அது பழைய முகவரியிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்க, இணையப் பக்கங்கள் பாதியில் திணறி நிற்கின்றன. ஐபிவி6-உம் ஐபிவி4-உம் போட்டியிட்டு முந்துவதைப் பயன்படுத்தும் ஏற்பாடு உலாவிகளில் இருப்பதால் பெரும்பாலும் சமாளித்துவிடும் என்றாலும், எங்கள் வீட்டில் “கரண்டு வந்ததும் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடு” என்பது பழக்கமாகிவிட்டது. வெளியிலிருந்து வீட்டைக் கண்டுபிடிக்க, மாறும் முகவரியை ஒரு பெயரோடு அவ்வப்போது பதிவுசெய்யும் டைனமிக் டிஎன்எஸ் சேவையையும் நம்பியிருக்க வேண்டியிருக்கிறது.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 100 மெகாபிட் திட்டத்தில் சென்னைச் சேவையகத்துக்குப் போய்வர 11 முதல் 14 மில்லி நொடி ஆகிறது. செப்புக்கம்பியில் அது 50 வரை இருந்தது. ஆயினும் நான் தணிக்கைக் கோப்புகளை மேலேற்றத் தொடங்கிய உடனே மகளின் இணையவழி வகுப்பில் ஆசிரியையின் குரல் அறுந்துபோனது. பெட்டிக்குள் தரவு வரிசைகட்டி நெரிவதே காரணம். ஓப்பன் டபிள்யூஆர்டி மென்பொருள் போட்ட ரவுட்டரில், வரிசையைச் சீராக்கும் கேக் என்ற முறையை இயக்கி, வேக வரம்பை 90 மெகாபிட்டாகக் குறைத்துவைத்தேன். பத்து மெகாபிட்டைத் துறந்ததில் வீட்டில் யாருக்கும் எதுவும் குறையவில்லை, சண்டை மட்டும் நின்றது.

வைஃபை 6 ரவுட்டருக்குச் செலவழித்த பணம் வீண் என்றே சொல்வேன். சுண்ணாம்புக் காரைச் சுவர் கொண்ட பழைய முற்றம் வைத்த வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு சுவரைத் தாண்டியதும் தளர்ந்துவிடுகிறது. முற்றத்தைச் சுற்றி உத்திரத்தின் ஓரமாக லேன் கேபிள் இழுத்து, பின்கட்டில் பழைய ரவுட்டரை வைத்ததுதான் உதவியது.

ஃபைபர் அறுந்த நாள்களில் 5ஜி கைப்பேசியை மாற்றாக வைத்துக்கொள்கிறேன். மொட்டைமாடியில் மிகுந்த வேகம். தென்னந்தோப்பை ஒட்டிய அறைக்குள் 4ஜிக்குத் திரும்பிவிடுகிறது. 3.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

சென்ற பங்குனித் தேருக்குப் பின் ஒட்டிய ஒட்டுடன் சேர்த்துக் குறிப்பேட்டில் இருக்கும் கடைசி அளவு மைனஸ் 22.4. மாறாத ஐபிவி6 தொகுதி கேட்டு நான் போட்ட மின்னஞ்சலுக்கு, கூடுதல் கட்டணத்தில் நிலையான ஐபிவி4 முகவரி கிடைக்கும் என்ற அதே பதில் மறுபடியும் வந்திருக்கிறது.