வரைபடத்தில் நான் ஒரு பச்சைப் புள்ளி: 3 வருஷம், 1 நட்சத்திரம்

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தச் செயலி சொன்ன வேலையைச் செய்யும். ஐந்தே நிமிஷத்தில் நிறுவலாம், தமிழிலும் வரும், ஆள் எங்கே இருக்கிறார் என்பதைப் பெரும்பாலும் சரியாகவே காட்டும். குடும்பத்தில் யார் எங்கே என்று ஒரே வரைபடத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். என் புள்ளி பச்சை. நிறத்தை நான் தேர்வு செய்யவில்லை.

பெயரை எழுதப் போவதில்லை. ‘குடும்பப் பாதுகாப்பு’ என்று தேடினால் வரிசையாக வரும் செயலிகளில் ஒன்று, அவ்வளவுதான். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து இதற்கு வந்திருந்த விமர்சனங்களைப் படித்தேன். ‘நிம்மதி’ என்ற சொல் எத்தனை முறை வந்தது என்று எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டேன். நான் படித்தவரை எழுதியவர்கள் எல்லாருமே பார்க்கிறவர்கள். புள்ளியாக இருந்த ஒருத்தர்கூட எழுதியதாகக் கண்ணில் படவில்லை. அதனால்தான் இது.

நான் எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன். ராத்திரி ஷிஃப்டும் உண்டு. செயலி வீட்டுக்குள் வந்ததே அதைச் சாக்கிட்டுத்தான். “ராத்திரி நேரம் தனியா வர்றே, எனக்கு மனசு கேக்கல, உன் நல்லதுக்குத்தான்” என்றார் கணவர். நியாயமாகத்தான் பட்டது. ‘அனுமதி’ என்ற பொத்தானை நானேதான் அழுத்தினேன். எவரும் என் கையைப் பிடித்து அழுத்தவில்லை. இதை மறைத்தால் விமர்சனம் பொய்யாகிவிடும்.

குழுவில் முதலில் நாங்கள் இரண்டு பேர். அடுத்த மாதம் அத்தை சேர்க்கப்பட்டார், பிறகு நாத்தனார். “அவங்களும் கவலைப்படுவாங்கல்ல.” குழுவின் நிர்வாகி கணவர். நிர்வாகி என்பதற்குச் செயலியில் ஓர் அர்த்தம் இருக்கிறது: யாரைச் சேர்ப்பது, எந்த இடத்தைச் சுற்றி வட்டம் போடுவது எல்லாம் அவர் கையில். வட்டம் போட்ட இடத்துக்குள் நான் நுழைந்தாலும் வெளியேறினாலும் நான்கு போனிலும் மணி அடிக்கும்.

இனி ஒவ்வொரு வசதியாக.

வருகை அறிவிப்பு. மருத்துவமனை வாசலைத் தாண்டியதும் ‘வேலையிடத்தை விட்டுக் கிளம்பினார்’ என்று போகும். அங்கிருந்து வீடு 35 நிமிஷம். 40 ஆனால் போன் வரும். 50 ஆனால் வீட்டில் யாரும் என்னோடு பேச மாட்டார்கள். அத்தை டிவியின் சத்தத்தைக் கூட்டுவார். திட்டு கிடையாது, அடி கிடையாது, மூன்று நாள் மௌனம். ஒரே வீட்டில் மூன்று பேர் சேர்ந்து ஒருத்தியோடு பேசாமல் இருப்பதற்கு எவ்வளவு ஒழுங்கு வேண்டும் தெரியுமா? அந்த ஒழுங்கு அவர்களிடம் இருந்தது.

வேகம். வண்டி எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று காட்டும். பிள்ளைகள் காரை விரட்டாமல் இருக்கிறார்களா என்று பெற்றோர் பார்ப்பதற்காம். ஒருநாள் மழையில் கூட வேலை பார்க்கும் அக்கா தன் காரில் இறக்கிவிட்டார். வீட்டுக்குள் கால் வைப்பதற்குள் கணவரின் கேள்வி: “பஸ் 62-ல போகாது. யார் வண்டி?” ஸ்க்ரீன்ஷாட் தயாராக இருந்தது. அந்த அக்காவின் எண்ணை வாங்கி, அவரிடமே பேசி உறுதி செய்துகொண்டார். அதன் பிறகு அந்த அக்கா என்னை வண்டியில் ஏறச் சொல்லவில்லை. நானும் ஏறியிருக்க மாட்டேன்.

பேட்டரி. இதை ஏன் வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என் போனில் சார்ஜ் குறைந்தால் அவருக்குத் தகவல் போகும். ‘சார்ஜ் போயிடுச்சு’ என்று உலகத்தில் எல்லாரும் சொல்லும் சின்னப் பொய்கூட எனக்கு மிச்சமில்லை.

30 நாள் பயண வரலாறு. இதைப் பற்றி நீட்டி எழுத மனமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வைத்துக்கொண்டு உட்கார்வார் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

துல்லியத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கல்யாண வாழ்க்கையின் பாதிச் சண்டை அதில்தான் நடந்தது. திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண போனின் ஜி.பி.எஸ். சுமார் 5 மீட்டருக்குள் சரியாக இருக்கும். கட்டடத்துக்குள் போனால் கதை வேறு. செயற்கைக்கோள் சிக்னல் கூரையைத் தாண்டி வருவது கஷ்டம். பக்கத்தில் இருக்கும் வைஃபையையும் செல்போன் கோபுரத்தையும் வைத்துப் போன் ஒரு குத்துமதிப்பு போடும். அந்தக் குத்துமதிப்பைத்தான் செயலி ஒரு கூர்மையான புள்ளியாக வரைந்து காட்டுகிறது, சந்தேகமே இல்லாததுபோல. என் வேலையோ அடித்தளத்தில். சுவருக்குள் ஈயத் தகடு, கதவுக்குள் ஈயத் தகடு. கதிர் வெளியே போகாமல் இருக்கப் போட்டது, சிக்னலும் உள்ளே வராது. ஒரு நோயாளிக்கு ஸ்கேன் முடித்து, அடுத்தவரைப் படுக்க வைத்து, நடுவில் அவசரப் பிரிவிலிருந்து ஒருவர் வந்துவிட்டால் முடிந்தது. ‘கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது: 47 நிமிஷத்துக்கு முன்.’

சில நாள் இன்னும் மோசம். புள்ளி தானே நகர்ந்து எதிர்ச்சாரியில் இருக்கும் லாட்ஜின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் என்ன சொல்லி நம்பவைப்பது? ஈயத்தின் அடர்த்தியைச் சொல்லவா? சொல்லியும் பார்த்தேன். “மெஷின் பொய் சொல்லுமா?” என்றார் அத்தை. மெஷின் பொய் சொல்லும் அத்தை. நோயாளி கொஞ்சம் அசைந்தால்கூடப் படத்தில் இல்லாத கோடு விழும், அதைப் பார்த்து முறிவு என்று நினைத்துவிடக் கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று. செயலிக்காரர்களுக்கு யாரும் அந்தப் பாடத்தை நடத்தவில்லை.

கடைசியில் ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவில் மாடிப்படிவரை ஓடிப்போய், போனை ஜன்னலை ஒட்டிப் பிடித்து, புள்ளி வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத் திரும்புவேன். மூட்டுவலி வந்ததற்கு யார்மேல் கேஸ் போடுவது?

ஆபத்துப் பொத்தான். செயலியின் மகுடமே இதுதான், விளம்பரத்தில் இதைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். சிவப்பு வட்டத்தை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால், ‘ஆபத்தில் இருக்கிறார்’ என்று உங்கள் இடத்தோடு குழுவில் உள்ள அனைவருக்கும் செய்தி போகும். ஒருநாள் ராத்திரி குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அழுத்தினால் செய்தி யாருக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். கதவுக்கு வெளியே நிற்பவருக்கு, அவர் அம்மாவுக்கு, அவர் தங்கைக்கு. சிரிப்பு வந்தது, நிஜமாகவே. குழுவில் இல்லாத ஓர் எண்ணைச் சேர்க்க வழி இருக்கிறதா என்று தேடினேன். இருக்கிறது, நிர்வாகி ஒப்புதல் தர வேண்டும்.

இதற்கு என்ன பெயர் என்று எனக்கு வெகுநாள் தெரியவில்லை. எங்கள் தொழிலில் கொடுமை என்றால் எலும்பு. 1946-ல் ஜான் காஃபி என்ற மருத்துவர், தலையில் ரத்தக்கட்டோடு வந்த குழந்தைகளின் கைகால் எலும்பிலும் முறிவுகள் இருப்பதை எக்ஸ்ரேயில் கண்டு எழுதினார். 1962-ல் ஹென்றி கெம்ப்பும் கூட்டாளிகளும் அதற்கு ‘அடிபட்ட குழந்தை’ நோய்க்குறி என்று பெயரே வைத்தார்கள். ஒரு முறிவு புதிது, ஒன்று பாதி ஆறியது, ஒன்று முழுக்க ஆறியது, இப்படி வெவ்வேறு வயதில் ஒரே உடம்பில் இருந்தால் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். அப்படிச் சிலரைக் கண்டுபிடித்துச் சொல்லியும் இருக்கிறேன். என்னைப் படம் எடுத்தால் ஒன்றும் தெரியாது. அதனால் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றே கணக்கு வைத்திருந்தேன்.

ஆலோசகர் அம்மா ஒருத்தர்தான் மேசையில் ஒரு சக்கரப் படத்தை வைத்தார். அமெரிக்காவில் துலூத் என்ற ஊரில் அடிபட்ட பெண்கள் சொன்னதைக் கேட்டு 1984-ல் வரைந்ததாம். விளிம்பில் அடி உதையும் பாலியல் வன்முறையும். உள்ளே எட்டு ஆரங்கள்: மிரட்டல், தனிமைப்படுத்தல், பணத்தைப் பிடித்து வைத்தல், பிள்ளைகளைக் கருவியாக்குதல், ‘இதெல்லாம் ஒரு விஷயமா’ என்று சிறிதாக்குதல், இப்படிப் போகும். ஒவ்வொரு ஆரத்தின் மேலும் விரலை வைத்துக்கொண்டே வந்தேன். ‘யாரைப் பார்க்கிறாள், எங்கே போகிறாள் என்பதைக் கட்டுப்படுத்துதல்’ என்ற இடத்தில் விரல் நின்றது. வரைந்தபோது ஆள் இருக்கும் இடத்தைக் காட்டும் கைபேசியே கிடையாது. ஈவன் ஸ்டார்க் என்ற ஆய்வாளர் 2007-ல் இதை விரிவாக எழுதினார் என்றும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015-ன் சட்டம் இப்படி அடக்கியாள்வதையே 5 வருஷம் வரை சிறைக்குரிய குற்றமாக்கியது என்றும் அவர் சொன்னார். அடி விழாத கொடுமைக்கும் சட்டப் புத்தகத்தில் இடம் இருக்கிறது என்று கேட்டதே எனக்குப் பெரிய ஆசுவாசம். மௌனத்துக்கும் டிவி சத்தத்துக்கும் அதில் இடம் இருக்கிறதா என்று கேட்டேன். தொடர்ந்து நடந்தால், ஆளை நடுங்க வைத்தால், மற்றதோடு சேர்த்துப் பார்ப்பார்கள் என்றார்.

வெளியேறும் வசதி. இதற்குப் பூஜ்யம்கூட அதிகம். லொக்கேஷனை அணைத்தால் ‘4.12-க்கு அணைத்தார்’ என்று எல்லாருக்கும் போகும். செயலியை நீக்கினால் ‘குழுவை விட்டு விலகினார்’. ஓர் ஆள் தப்பிக்கப் பார்க்கிறார் என்பதை, யாரிடமிருந்து தப்பிக்க வேண்டுமோ அவரிடமே அந்த நிமிஷத்தில் சொல்லிவிடும் ஏற்பாடு இது. ஆலோசகர் கண்டிப்பாகச் சொன்னார்: கோபத்தில் அழித்துவிடாதீங்க, விலகுற நேரம்தான் ஆபத்து கூடுற நேரம், முதலில் போக இடம், கையில் தாள்கள், கூட ஒரு ஆள், பிறகுதான் போன். அப்படியே செய்தேன். உடை மாற்றும் அறை லாக்கரில் ஒரு பழைய போன், தம்பி பெயரில் சிம், புது மின்னஞ்சல். தேடுவது, பேசுவது எல்லாம் அதில். பச்சைப் புள்ளி சொன்ன பிள்ளையாக வேலைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தது. கிளம்பிய நாளில் செயலி இருந்த போனை லாக்கரிலேயே விட்டுவிட்டு நடந்தேன். ஷிஃப்ட் முடியும்வரை நான் வேலையில் இருந்ததாகவே வரைபடம் சொல்லியிருக்கும். இந்தச் செயலி எனக்குச் செய்த ஒரே உபகாரம்.

போன் மாறினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். வீட்டு டேப்லெட்டில் என் கணக்கு திறந்தே கிடந்தது. கூகுள் மேப்பில் ‘நிறுத்தும்வரை’ என்று தனியாக ஒரு பகிர்வு ஓடிக்கொண்டிருந்தது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 2022-ல் வந்த பாதுகாப்புச் சோதனை என்ற அமைப்பு இருக்கிறது, யாருக்கெல்லாம் என்னென்ன பகிர்கிறீர்கள் என்று ஒரே இடத்தில் காட்டி நிறுத்த விடும். நிறுத்தினால் எதிராளிக்குத் தெரியவரலாம் என்பதால் நேரம் பார்த்துச் செய்யுங்கள். பைக்குள் யாராவது குட்டி டிராக்கரைப் போட்டால், ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து 2024 மே மாதம் கொண்டுவந்த எச்சரிக்கை இரண்டு வகைப் போனிலும் வருகிறது. இதுவாவது செய்தார்களே.

“செயலி என்னக்கா பண்ணும், ஆளு சரியில்ல” என்றான் தம்பி. பாதி சரி. 2021-ல் அமெரிக்க வணிக ஆணையம் ஸ்பைஃபோன் என்ற ஒளிந்து வேவு பார்க்கும் செயலியின் நிறுவனம் கண்காணிப்புத் தொழிலிலேயே இருக்கக் கூடாது என்று தடுத்தது. இது ஒளியவில்லை, உண்மைதான். என் முகத்துக்கு நேரே, என் அனுமதியோடு உட்கார்ந்திருந்தது. ஆனால் அந்த அனுமதியை மூன்று வருஷத்தில் ஒருமுறைகூட என்னிடம் திரும்பக் கேட்கவில்லை. எல்லாருக்கும் மணி அடிக்கத் தெரிந்த செயலிக்கு, மாதம் ஒருமுறை என் போனில் மட்டும் ‘இது உங்களுக்குச் சரியா?’ என்று ரகசியமாகக் கேட்கத் தெரியாதா? சந்தாவைப் புதுப்பிக்க மட்டும் அவருக்குத் தவறாமல் நினைவூட்டியதே.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மகளுக்கு 15 வயது. அவளையும் அந்தக் குழுவில் சேர்க்கச் சொன்னது நான். டியூஷன் முடிந்து அவள் புள்ளி வீட்டை நோக்கி நகர்வதை மாடிப்படியில் நின்று நான்கு மாதம் பார்த்திருக்கிறேன். ஒருநாள் வழியில் 12 நிமிஷம் நின்றது. வந்ததும் நான் கேட்ட முதல் வார்த்தை, “எங்க நின்னே?” அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. நான் அவருக்குக் கொடுப்பது.

இப்போது எங்கள் இரண்டு பேர் போனிலும் அந்தச் செயலி இல்லை. வாட்ஸ்அப்பில் நேரலை இடத்தை 15 நிமிஷம், 1 மணி, 8 மணி என்று அளவு வைத்துப் பகிரலாம், நேரம் முடிந்தால் தானே அணைந்துவிடும். இருட்டில் வரும்போது அவளாக 1 மணி நேரத்துக்கு அனுப்புகிறாள். நான் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கிளம்பினால் நானும் அனுப்புகிறேன். நேற்றும் அனுப்பினாள். இரண்டு தடவைதான் திறந்து பார்த்தேன்.