பாட்டிலைத் தூக்காதீங்க!

இந்த முறை ஊருக்குப் போன விடுமுறையில் பாதி, ஒரு பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்ததிலேயே போய்விட்டது.

மகனுக்கு 21 வயது. ஆறடிக்கு மேல் உயரம், கொடி மாதிரி உடம்பு. சும்மா உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு வலது மார்பில் சுருக்கென்று குத்தியது. மூச்சை இழுத்தால் தோள் வரை வலி. வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் 'வாயுப் பிடிப்பு' என்றார்கள். ஒரு வகையில் சரிதான். காற்றேதான், இருந்த இடம்தான் தப்பு. நுரையீரல் உச்சியில் சின்னக் கொப்புளம் ஒன்று உடைந்து, கசிந்த காற்று நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே சேர்ந்து நுரையீரலைச் சுருக்கிவிட்டது. நியூமோதோராக்ஸ். ஒல்லியான, உயரமான பையன்களுக்குத்தான் அதிகம் வருமாம். சிகரெட் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. டாக்டர் அதைக் கேட்டபோது மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது தனிக் கதை.

டோக்கன், சீட்டு, பணம் கட்டும் வரிசை எல்லாம் உங்களுக்குத் தெரியாததா! ஆனால் எக்ஸ்ரே இருபது நிமிடத்தில் கைக்கு வந்துவிட்டது. நாங்கள் இருக்கும் வெளிநாட்டில் என்றால் அதற்குள் பெயரைக்கூடக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அங்கே தோழியின் மகனுக்கு இதே தொந்தரவு வந்தபோது காற்றை வெளியேற்றும் டியூபே போடாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2020இல் வெளியான ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வுக்குப் பிறகு அதுவும் ஒரு வழிதான். இங்கே அதைச் சொல்லிப் பார்த்தேன். "இவனுக்கு மூச்சு வாங்குதேம்மா" என்றார் டாக்டர். வாயை மூடிக்கொண்டேன்.

விலா இடுக்கில் டியூப், மறுமுனை தண்ணீர் பாட்டிலுக்குள். அன்று இரவு ஒரு சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்: மூச்சுக்கு மூச்சு டியூபில் தண்ணீர் ஏறி இறங்கணும், இருமினா குமிழி வரும், பாட்டில் எப்பவும் மார்புக்குக் கீழே. அங்கே இதற்கு ஒரு துண்டுத்தாளை நீட்டியிருப்பார்கள்.

மறுநாள் எக்ஸ்ரேவுக்கு அழைத்துப்போக வந்த வார்டு பாய், பாட்டிலைத் தூக்கி மகன் வயிற்றின் மேலேயே வைத்தார்! தண்ணீர் திரும்பி நெஞ்சுக்குள் இறங்காதா? கத்தினேன். "பயப்படாதீங்கம்மா, கிளாம்ப் போட்டாச்சு." அது இன்னும் மோசம். குமிழி வந்துகொண்டிருக்கும் டியூபை அடைத்தால் காற்று உள்ளேயே தேங்கி இதயத்தையே நெருக்கும். லிஃப்ட் வாசலில் ஸ்ட்ரெச்சரை மறித்து நின்றேன். லிஃப்ட் இரண்டு தடவை வந்து போனது. பின்னால் யாரோ "ஃபாரின்காரங்க" என்று முணுமுணுத்தார்கள். அதே சிஸ்டர் ஓடி வந்து கிளாம்பை எடுத்த பிறகுதான் நகர்ந்தேன். திரும்பி வரும்போது வார்டு பாய் பாட்டிலை முழங்காலுக்குக் கீழே பிடித்து, குனிந்தே நடந்தார். பாவமாகவும் இருந்தது.

நான்காம் நாள் டியூபை எடுத்தார்கள். நுரையீரல் முழுதாக விரிந்தது எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகும் ஒரு வாரம் விமானம் கூடாது. உயரே போனால் மிச்சக் காற்று விரியும். டிக்கெட்டை மாற்றினோம். மூன்றில் ஒருவருக்குத் திரும்ப வருமாம், வந்தால் ஆபரேஷன். ஸ்கூபா டைவிங் இனிமேல் கிடையாது என்று டாக்டர் சொன்னதும், அந்த வகுப்புக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்த மகன், நுரையீரலை நான்தான் ஓட்டை போட்டது போல என்னை முறைத்தான்.